புராஜெக்ட் எங்கே இடிக்கிறது? அறிகுறி பார்த்துச் செயல்முறை மாதிரியைத் தேர்வது

மென்பொருள் செயல்முறை மாதிரிகளை, அதாவது வேலையை எந்த வரிசையில் எப்படி நடத்துவது என்ற முறைகளை, ஒப்பிடும் அட்டவணைகளுக்குப் பஞ்சமே இல்லை. வாட்டர்ஃபால், வி, ஸ்பைரல், ஸ்க்ரம், கான்பான் என்று வரிசையாக நிறுத்தி, நிறை இது, குறை இது என்று எழுதியிருப்பார்கள். தேர்வுக்குப் படிப்பவருக்கு அது போதும். ஓடிக்கொண்டிருக்கும் புராஜெக்ட்டில் மாட்டிக்கொண்டு விழிப்பவருக்கு அதனால் காலணாப் பயன் கிடையாது. அவர் கையில் இருப்பது தலைவலி மட்டும்தான். ஆகவே இங்கே தலைவலியில் தொடங்கி மாதிரிக்குப் போகலாம். உங்கள் அறிகுறிக்கு உரிய பகுதியை மட்டும் படித்தாலும் போதும். ஆனால் அடுத்து வரும் அளவெடுப்பை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

## முதலில் ஓர் அளவெடுப்பு

கடந்த சில மாதங்களில் உங்கள் குழு திரும்பச் செய்ய நேர்ந்த வேலைகளில் பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கிப்போட்ட திரை, மாற்றி எழுதிய கணக்கீடு, வெளியீட்டுக்குப் பின் திருப்பி எடுத்த வசதி என எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேதிகளைக் குறியுங்கள். அந்தத் தவறான முடிவு எடுக்கப்பட்ட நாள் ஒன்று. அது தவறு என்று யாரோ ஒருவர் கண்டுகொண்ட நாள் மற்றொன்று. பக்கத்தில், கண்டுகொண்டவர் யார் என்றும் எழுதுங்கள்: டெவலப்பரா, டெஸ்டரா, வாடிக்கையாளரா, அன்றாடம் அதைப் பயன்படுத்துபவரா?

அரை நாள் வேலை. ஆனால் பல கூட்டங்களில் கிடைக்காத தெளிவு இதில் கிடைக்கும். ஏனென்றால் எல்லாச் செயல்முறை மாதிரிகளும் ஒரே கேள்விக்குத் தரப்பட்ட வெவ்வேறு பதில்கள்தாம்: நாம் செய்த தவறு நமக்கு எத்தனை நாளில் தெரியவரும்? ஒரு கட்டத்தை முழுதாக முடித்தபின் அடுத்ததற்குப் போகும் வாட்டர்ஃபால், "தவறு குறைவாகத்தான் இருக்கும், கடைசியில் தெரிந்தாலும் சமாளிக்கலாம்" என்கிறது. ஸ்ப்ரின்ட் என்ற குறுகிய சுற்றுகளாக வேலையை நடத்தும் ஸ்க்ரம், "ஒரு மாதத்துக்குள் தெரிந்தாக வேண்டும்" என்கிறது. ஸ்பைரல், "எந்தத் தவறு நம்மை மூழ்கடிக்குமோ அதை முதலில் தெரிந்துகொள்" என்கிறது.

அந்த இடைவெளி பெரும்பாலும் சில நாட்கள்தான் என்றால் உங்கள் மாதிரியில் கை வைக்க வேண்டாம். நேரே கடைசிப் பகுதிக்குப் போங்கள். வாரங்களாகவோ மாதங்களாகவோ நீண்டால் தொடர்ந்து படியுங்கள்.

## அறிகுறி: "நாங்கள் கேட்டது இது இல்லையே"

மாதக்கணக்கில் உழைத்து, முடித்து, காட்டும் நாளில் இந்த ஒரு வரி வருகிறது. உடனே "வாட்டர்ஃபால்தான் காரணம், அஜைலுக்குப் போவோம்" என்று ஒருவர் எழுந்து நிற்பார். (ஸ்க்ரம் போல, சிறு சுற்றுகளாகச் செய்து மாற்றங்களை ஏற்கும் முறைகளின் பொதுப்பெயர் அஜைல்.) கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். இந்த ஒரே அறிகுறிக்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்றுக்குத்தான் மாதிரி மருந்து.

கேட்டவருக்கே தனக்கு என்ன வேண்டும் என்பது பார்க்கும்வரை தெரியாமல் இருந்திருக்கலாம். புதிய வகை வேலை என்றால் இதுதான் இயல்பு. யாரையும் குறை சொல்ல முடியாது. அல்லது, கேட்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு வேறு யாரையோ கேட்டிருக்கலாம். மூன்றாவது, தேவை ஆவணத்தில் எல்லாம் சரியாகவே எழுதப்பட்டிருந்தும், கட்டியவர்கள் அதைப் படிக்காமல் இருந்திருக்கலாம்.

இரண்டாவது காரணத்தில் நான் நன்றாக அடிபட்டிருக்கிறேன். பதிவுகளை உள்ளிடும் ஒரு செயலி. தேவை ஆவணத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒப்படைத்த முதல் நாளே உள்ளீட்டாளர்கள் கொதித்துவிட்டார்கள். அவர்கள் நாள் முழுவதும் விசைப்பலகையிலிருந்து கையெடுக்காமல் வேலை செய்பவர்கள். நாங்கள் ஒவ்வொரு புலத்துக்கும் மவுஸைத் தேடும்படி வைத்திருந்தோம். கையெழுத்துப் போட்டவர் அந்தத் திரையின் முன் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. நாங்கள் ஸ்க்ரம் வைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவரிடமே காட்டியிருந்தால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவரே தலையாட்டியிருப்பார்.

எந்தக் காரணம் என்று பிரித்தறிய, உங்கள் பட்டியலின் மூன்றாவது தகவலைப் பாருங்கள். தவறுகளைக் கண்டுகொண்டவர் தேவை சொன்னவரே என்றால் முதல் காரணம். வேறொருவர் என்றால் இரண்டாவது. ஆவணத்தைப் புரட்டிப் பார்த்ததும் "இதில் இருக்கிறதே" என்று டெஸ்டர் சொன்னார் என்றால் மூன்றாவது.

முதல் காரணத்துக்கு மருந்து, முன்மாதிரியும் சிறு சிறு சுற்றுகளும். இதில் வேடிக்கை என்னவென்றால், வாட்டர்ஃபாலின் மூலக் கட்டுரையே இதைத்தான் சொல்கிறது. 1970இல் மென்பொருள் பொறியாளர் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையில்தான் அந்தப் புகழ்பெற்ற படிக்கட்டுப் படம் இருக்கிறது. வாட்டர்ஃபால் என்ற சொல்லே அதில் கிடையாது. படத்தைப் போட்ட கையோடு, இதை இப்படியே நடைமுறைப்படுத்துவது ஆபத்து, தோல்வியைக் கூப்பிட்டு அழைப்பது போன்றது என்று எச்சரித்தார். முதன்முறையாக உருவாக்கும் மென்பொருள் என்றால் இரண்டு தடவை செய்யுங்கள், வாடிக்கையாளரிடம் போவது இரண்டாவதாக இருக்கட்டும் என்றும் எழுதினார். படம் உலகம் சுற்றியது. எச்சரிக்கை கட்டுரையிலேயே தங்கிவிட்டது.

முன்மாதிரி செய்யும்போது ஒன்றில் கவனமாக இருங்கள். தூக்கிப்போடுவதற்காகச் செய்ததை, "நன்றாகத்தானே ஓடுகிறது, இதையே கொடுத்துவிடலாம்" என்று மேலிடம் பிடித்துக்கொள்ளும். அப்படிக் கொடுக்கவே முடியாத ஒன்றில் அதைச் செய்துவிடுவது நல்லது. காகிதத்தில் வரைந்த திரைகள் இன்றும் அருமையாக வேலை செய்கின்றன. காகிதத்தை யாரும் சர்வரில் ஏற்ற முடியாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பழைய அமைப்பு செய்வதை அப்படியே வேறொரு தளத்துக்கு மாற்றுகிறீர்கள். அல்லது வெளியிடப்பட்ட ஒரு தர வரையறையின்படி ஒரு கோப்பு வகையைப் படிக்கும் நிரல் எழுதுகிறீர்கள். சரி எது, தவறு எது என்பது முதல் நாளே எழுத்தில் இருக்கிறது. இங்கே வாட்டர்ஃபால் பிழையில்லாமல் ஓடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டெமோ வைத்துக் காட்ட, பார்க்க ஆளும் இருக்காது, சொல்லக் கருத்தும் இருக்காது.

## அறிகுறி: தனித்தனியாக ஓடுகிறது, சேர்த்தால் உடைகிறது

இதன் முன்னறிவிப்பு, "தொண்ணூறு சதவீதம் முடிந்தது" என்ற வரி வாராந்திர அறிக்கையில் நான்கு வாரமாக அசையாமல் நிற்பது. மீதிப் பத்து சதவீதம் என்பது உண்மையில் யாரும் இன்னும் செய்து பார்க்காத ஒருங்கிணைப்பு.

முதன்மை நிரலோடு இன்னும் இணைக்கப்படாமல் தனியாக இருக்கும் நிரல் கிளைகளில் மிகப் பழையது எத்தனை நாள் பழையது என்று பாருங்கள். ஒரு மாதத்தைத் தாண்டியிருந்தால் வேறு விசாரணையே தேவையில்லை. அது இரண்டே நாள்தான், ஆனாலும் உடைகிறது என்றால் பகுதிகளுக்கு இடையிலான இடைமுகங்கள் (ஒரு பகுதி மற்றொன்றிடம் எதை, எப்படிக் கொடுக்கும் என்ற வரையறை) தெளிவாக எழுதப்படவில்லை என்று பொருள்.

இடைமுகம் தெளிவில்லாத இடத்தில் வி மாதிரி உதவும். தேவைக்கு எதிரே ஏற்புச் சோதனை, அமைப்பு வடிவமைப்புக்கு எதிரே அமைப்புச் சோதனை, கட்டமைப்புக்கு எதிரே ஒருங்கிணைப்புச் சோதனை, சிறு பகுதியின் வடிவமைப்புக்கு எதிரே அலகுச் சோதனை என இடது கையும் வலது கையும் ஜோடி சேர்ந்து நிற்கும் மாதிரி அது. அதன் உண்மையான பலன் படத்தில் இல்லை. இடது பக்கம் எழுதும்போதே வலது பக்கச் சோதனையையும் எழுத வைக்கிறதே, அதில் இருக்கிறது. ஒரு வரிக்குச் சோதனை எழுத முடியவில்லை என்றால் அந்த வரி தேவையே அல்ல, ஆசை. "திரை வேகமாகத் திறக்க வேண்டும்" என்று எழுதியவர், சோதனை எழுத உட்கார்ந்ததும் "எத்தனை வினாடி?" என்று கேட்டாக வேண்டும்.

ஆனால் வியின் வடிவத்தை உற்றுப் பாருங்கள். இடது உச்சியில் இருக்கும் முதல் முடிவுக்கான சோதனை, வலது உச்சியில், எல்லாவற்றுக்கும் கடைசியில் வருகிறது. மிகப் பெரிய தவறுக்கு மிக நீண்ட இடைவெளி. வியை மட்டும் வைத்துக்கொண்டு முதல் அறிகுறியைக் குணப்படுத்த முடியாததற்குக் காரணம் இதுதான். பெரிய வி ஒன்றைச் சிறிய விகளாக உடைத்தால்தான் இடைவெளி குறையும்.

உடைப்பதிலும் ஒரு முறை உண்டு. முதல் இரண்டு மாதம் தரவுத்தளம், அடுத்த இரண்டு மாதம் சர்வர், பிறகு திரைகள் என்று அடுக்கடுக்காக வெட்டினால் ஆறாம் மாதம்வரை எதுவும் சேராது. ஒரே ஒரு வசதியை எடுத்து, திரையிலிருந்து தரவுத்தளம்வரை மேலிருந்து கீழாக வெட்டிச் செய்து முடியுங்கள். அவலட்சணமாக இருந்தாலும் முதல் மாதமே ஒருங்கிணைப்பு நடந்துவிடும். இன்கிரிமென்டல் (சிறிது சிறிதாகச் சேர்த்துக் கட்டுவது) என்று பெயர் போட்டுக்கொண்டு அடுக்கடுக்காக வெட்டும் குழுக்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி: ஸ்ப்ரின்ட் முடிகிறது, வேலை முடிவதில்லை

ஒவ்வொரு ஸ்ப்ரின்ட்டிலும் எடுத்த வேலையில் பாதி அடுத்ததற்குத் தள்ளப்படுகிறது. ஸ்ப்ரின்ட் முடிவில் நடந்ததை அலசும் ரெட்ரோ கூட்டத்தில் "இன்னும் சரியாக மதிப்பிட வேண்டும்" என்று எழுதுகிறார்கள். அடுத்த முறையும் அதையே எழுதுகிறார்கள்.

கடந்த மூன்று ஸ்ப்ரின்ட்களை எடுங்கள். தொடங்கிய நாளில் பட்டியலில் இல்லாமல் நடுவில் வந்து புகுந்த வேலைகள் எத்தனை? உற்பத்திச் சூழலில் விழுந்த பிழை, மேலாளரின் "அஞ்சு நிமிஷ வேலைதான்", பக்கத்துக் குழுவின் உதவிக் கோரிக்கை எல்லாவற்றையும் எண்ணுங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்றால், என் அனுபவத்தில், அந்தக் குழுவுக்கு ஸ்க்ரம் பொருந்தாது. ஸ்ப்ரின்ட் என்பது "இந்த இரண்டு வாரம் எங்கள் இலக்கைக் குலைக்காதீர்கள்" என்ற ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தை மதிக்க முடியாத வேலைச் சூழலில் அது வெறும் சடங்கு. பராமரிப்புக் குழு, ஆதரவுக் குழு, உள்கட்டமைப்புக் குழு போன்றவை பெரும்பாலும் இந்த வகை. இது அவர்களின் குற்றம் அல்ல. அவர்களின் வேலையே அப்படி.

இவர்களுக்குக் கான்பான். டொயோட்டா தொழிற்சாலையின் அட்டை முறையிலிருந்து பெயர் வந்தது. 2000களின் நடுவில் டேவிட் ஆண்டர்சன் அதை மென்பொருள் வேலைக்குக் கொண்டுவந்தார். பலகையில் ஒட்டும் சீட்டுகள்தான் கான்பான் என்று பலர் நினைக்கிறார்கள். பலகை அலங்காரம். உயிர் இருப்பது வரம்பில்: ஒரே நேரத்தில் கையில் இத்தனை வேலைதான் இருக்கலாம், ஒன்றை முடிக்காமல் அடுத்ததை எடுக்கக் கூடாது.

வரம்பு ஏன் வேலை செய்கிறது என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 1961இல் ஜான் லிட்டில் நிறுவிய விதி: கையில் இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை, முடியும் வேகத்தையும் ஒரு வேலைக்கு ஆகும் சராசரிக் காலத்தையும் பெருக்கினால் வரும். உங்கள் பலகையில் 24 வேலைகள் நடந்துகொண்டிருக்கின்றன, வாரத்துக்கு 4 முடிகின்றன என்றால், ஒரு வேலை உள்ளே நுழைந்து வெளியே வரச் சராசரியாக 6 வாரம் ஆகும். அதே வேகத்தில், கையில் இருப்பதை 12ஆகக் குறைத்தால் 3 வாரம். யாரும் ஒரு நிமிடம்கூட அதிகமாக உழைக்கவில்லை. வரத்தும் போக்கும் ஓரளவு சீராக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

வரம்பு வைத்த முதல் வாரம் கசக்கும். சிலர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும், மேலாளருக்குப் பொறுக்காது. அவர்களைத் தேங்கி நிற்கும் வேலையை முடிக்க உதவச் சொல்லுங்கள். அவசர வேலைக்குத் தனிப் பாதை வைக்கலாம், ஆனால் அதில் ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே. இரண்டாவது அவசரம் வந்தால், எது அதிக அவசரம் என்று கேட்டவர்களே தங்களுக்குள் பேசி முடிவு செய்யட்டும். பாதி அவசரங்கள் அங்கேயே தணிந்துவிடும்.

புகுந்த வேலை குறைவு, ஆனாலும் முடிவதில்லை என்றால் பலகையைத் தினமும் படமெடுத்து வையுங்கள். கடைசி மூன்று நாளில் எல்லாச் சீட்டுகளும் சோதனைக் கட்டத்தில் குவிகின்றனவா? அப்படியானால் நீங்கள் ஸ்ப்ரின்ட்டுக்குள் குட்டி வாட்டர்ஃபால் நடத்துகிறீர்கள். முதல் வாரம் எல்லோரும் நிரல் எழுதி, இரண்டாம் வாரக் கடைசியில் டெஸ்டர் தலையில் கொட்டுகிறீர்கள். வேலையை இரண்டு மூன்று நாளில் முடியும் அளவுக்கு நறுக்குங்கள். முதல் சீட்டு மூன்றாம் நாளே சோதனைக்குப் போகட்டும். மாதிரியை மாற்றத் தேவையில்லை.

இரண்டும் இல்லை என்றால் ஒன்றுதான் மிச்சம்: குழுவே நம்பாத அளவு வேலையை யாரோ மேலிருந்து திணிக்கிறார்கள். ஸ்க்ரமின் விதிப்படி எவ்வளவு எடுப்பது என்பதை டெவலப்பர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த விதி மீறப்படும்போது ஸ்க்ரமைத் திட்டுவதில் பொருள் இல்லை.

## அறிகுறி: சடங்குகள் குறைவில்லாமல் நடக்கின்றன, வெளியீடு வருடத்துக்கு ஒருமுறை

முன்னால் ஆறு மாதத் தேவை ஆவணம், நடுவில் ஸ்க்ரம், பின்னால் மூன்று மாதச் சோதனையும் ஒப்புதல்களும். இந்த மூன்றடுக்குக்கு வாட்டர்-ஸ்க்ரம்-ஃபால் என்று கேலிப் பெயரே உண்டு. தினமும் பதினைந்து நிமிடம் நின்று பேசுவது, பலகை, டெமோ எல்லாம் இருக்கும். பயன்படுத்துபவரின் கருத்து மட்டும் ஒன்பது மாதத்துக்கும் மேல் கழித்து வரும். அளவெடுப்பில் இந்தக் குழுவின் இடைவெளியும் வாட்டர்ஃபால் குழுவின் இடைவெளியும் ஒன்றாகவே இருக்கும்.

"முடிந்தது" என்று குழு சொன்ன தருணத்திலிருந்து அது பயன்படுத்துபவர் கைக்குப் போகும்வரை உள்ள படிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் வேலை எத்தனை மணி, காத்திருப்பு எத்தனை நாள் என்று குறியுங்கள். பாதுகாப்பு ஆய்வுக்கு நான்கு மணி வேலை, பதினெட்டு நாள் காத்திருப்பு என்பது போன்ற வரிகள் வரும். ஸ்ப்ரின்ட்டை ஒரு வாரமாகச் சுருக்குவதால் அந்தப் பதினெட்டு நாளில் ஒரு மணி நேரமும் குறையாது. நீண்ட காத்திருப்பை ஒன்றை மட்டும் எடுத்து, அதைச் செய்பவரைக் குழுவுக்குள் கொண்டுவர முடியுமா, அல்லது அந்தச் சோதனையைத் தானியங்கியாக்க முடியுமா என்று பாருங்கள். 2009இல் டெவ்ஆப்ஸ் என்ற பெயர் பிறந்ததே, எழுதுபவர்களுக்கும் இயக்குபவர்களுக்கும் நடுவில் நின்ற இந்தச் சுவரை உடைக்கத்தான்.

## அறிகுறி: தொடக்கத்தில் பறந்தோம், இப்போது நகர முடியவில்லை

முதல் நான்கு மாதம் ஒரு வசதிக்கு மூன்று நாள் ஆனது. இப்போது அதே அளவு வசதிக்கு மூன்று வாரம். ஒரு இடத்தைத் தொட்டால் வேறு இரண்டு இடம் உடைகிறது.

மாதிரியை மாற்றாதீர்கள். ஸ்க்ரம் வேலையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று சொல்கிறதே தவிர, நிரலை எப்படி எழுதுவது என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அதைச் சொன்னது எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்: சோதனையை முதலில் எழுதுவது, இருவர் சேர்ந்து எழுதுவது, அடிக்கடி இணைப்பது, வடிவமைப்பைத் தொடர்ந்து செப்பனிடுவது. 1990களின் நடுவில் கிறைஸ்லர் நிறுவனத்தின் சம்பளக் கணக்குப் புராஜெக்ட்டில் கென்ட் பெக் முன்னெடுத்த பழக்கங்கள் இவை. கூட்டங்களை எடுத்துக்கொண்டு இந்தப் பழக்கங்களை விட்டுவிட்ட குழுக்கள்தான் இப்படிச் சிக்கிக்கொள்கின்றன. கூட்டம் நடத்துவது எளிது, சோதனை எழுதுவது கடினம். வேறு ரகசியம் இல்லை.

சரிபார்க்க ஒரு கேள்வி: ஒரு டெவலப்பர் ஒரு வரியை உடைத்தால் அவருக்கு அது எத்தனை நிமிடத்தில் தெரியும்? "நாளைக்கு டெஸ்டர் சொல்வார்" என்பது பதிலானால் வேலையை அங்கே தொடங்குங்கள்.

## அறிகுறி: விலையும் தேதியும் வசதிப் பட்டியலும் ஒப்பந்தத்தில், வேலை மட்டும் அஜைலில்

மூன்றையும் கல்லில் செதுக்கிவிட்டு, "மாற்றங்களை வரவேற்போம்" என்று சொல்லும் குழு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் தன் சட்டைப்பையிலிருந்து பணம் கொடுக்கிறது. இங்கே மாதிரியை முடிவு செய்தது நீங்கள் அல்ல, ஒப்பந்தம் எழுதியவர்.

மென்பொருள் செலவு மதிப்பீட்டை ஆராய்ந்த பேரி போம் 1981இலேயே காட்டியது இது: சாத்தியம் ஆராயும் தொடக்கக் கட்டத்தில் போடும் மதிப்பீடு நான்கு மடங்கு கூடவோ நான்கில் ஒரு பங்காகவோ போகலாம், வேலை தெளிவாகத் தெளிவாகத்தான் அந்த வீச்சு குறுகும். அந்தத் தொடக்கக் கட்டத்தில்தான் பெரும்பாலான நிலைவிலை ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின்றன.

ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்றால் இரண்டாகப் பிரியுங்கள். சில வார ஆய்வும் முன்மாதிரியும் முதல் ஒப்பந்தம். அதன் முடிவில் போடும் விலை இரண்டாவது. ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டதென்றால் இடமாற்று விதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: புதிதாக ஒரு வசதி உள்ளே வந்தால் அதே அளவு வேலையுள்ள, இன்னும் தொடங்காத ஒன்று வெளியே போகும். விலையையும் தேதியையும் தொடாததால் வாடிக்கையாளர்கள் இதற்குப் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். 1994இல் தோன்றிய டிஎஸ்டிஎம் முறை இதே எண்ணத்தின் மேல் நிற்கிறது: காலமும் செலவும் நிலையானவை, வசதிகள் வளையக்கூடியவை. அதன்படி ஒவ்வொரு வசதியையும் கட்டாயம் வேண்டியது, இருக்க வேண்டியது, இருந்தால் நல்லது, இப்போதைக்கு வேண்டாம் என்று நான்காகப் பிரிப்பார்கள். எல்லாமே கட்டாயம் என்று வாடிக்கையாளர் அடம்பிடித்தால், அந்தப் புராஜெக்ட்டை வாட்டர்ஃபாலாகவே நடத்துங்கள். மாற்றக் கோரிக்கைக்குப் படிவமும் விலையும் வையுங்கள். அது நேர்மையான வழி.

## அறிகுறி: தணிக்கையாளர் ஆவணம் கேட்கிறார், குழு "நாங்கள் அஜைல்" என்கிறது

மருத்துவக் கருவி, விமானம், கார் ஆகியவற்றின் மென்பொருளில் அடிக்கடி நடக்கும் சண்டை. இரு தரப்பும் ஒரு தவறான நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்கின்றன: தர விதிகள் வாட்டர்ஃபாலைக் கட்டாயமாக்குகின்றன என்று. மருத்துவக் கருவி மென்பொருளுக்கான ஐஇசி 62304ஓ விமான மென்பொருளுக்கான டிஓ-178சியோ குறிப்பிட்ட எந்த மாதிரியையும் விதிக்கவில்லை. அவை கேட்பது தடம்: இந்தத் தேவை எந்த வடிவமைப்பில், எந்த நிரலில், எந்தச் சோதனையில் நிறைவேறியது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

சுற்றுகளாக வேலை செய்துகொண்டே அந்தத் தடத்தையும் வைத்திருக்கலாம், ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொரு வேலையும் "முடிந்தது" ஆவதற்கு அதன் தடமும் பதிவாகியிருக்க வேண்டும். கடைசி மாதத்தில் உட்கார்ந்து ஆவணங்களைப் பின்தேதியிட்டு ஒப்பேற்றுவது தணிக்கையாளருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

## அறிகுறி: கடினமான பகுதி தள்ளிக்கொண்டே போகிறது

உள்நுழைவுத் திரை, பயனர் பட்டியல், அறிக்கை அச்சிடல் எல்லாம் அழகாக முடிந்துவிட்டன. பல லட்சம் பதிவுகளை ஒரே நேரத்தில் கையாள வேண்டிய அந்த ஒரு பகுதி மட்டும் "அடுத்த மாதம்". செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாக்கை வாடிக்கையாளர் மதிப்பின்படி மட்டும் வரிசைப்படுத்தும் குழுக்களில் இது சாதாரணம். ஆபத்துக்கு அங்கே வரிசை எண் கிடையாது.

போம் 1986இல் முன்வைத்த ஸ்பைரல் இதற்காகவே பிறந்தது. ஒவ்வொரு சுற்றிலும் இலக்கையும் மாற்று வழிகளையும் எழுது, மிகப் பெரிய ஆபத்தைக் கண்டுபிடி, அதைத் தீர்க்கத் தேவையானதை மட்டும் செய்து பார், அடுத்த சுற்றைத் திட்டமிடு. ஸ்பைரல் நடத்துவதாகச் சொல்பவர்களிடம் ஆபத்துப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கடந்த மாதம் எந்த ஆபத்தை, எதைச் செய்து பார்த்துத் தீர்த்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அவர்கள் வைத்திருப்பது ஸ்பைரல் அல்ல, வட்டமாக வரைந்த வாட்டர்ஃபால்.

ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு முழு ஸ்பைரலும் தேவையில்லை. ஸ்க்ரமிலேயே இருந்துகொண்டு, முதல் இரண்டு ஸ்ப்ரின்ட்டிலும் பயமுறுத்தும் பகுதியைச் செய்து பார்த்துவிடுங்கள். முடியாது என்று தெரிந்தாலும் ஒரு மாதச் செலவோடு தெரிந்துகொண்டீர்கள்.

## அறிகுறி: தாமதமாகிறது, ஆள் சேர்க்கிறோம், இன்னும் தாமதமாகிறது

கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதியது இன்றும் செல்லும்: தாமதமான மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும். 5 பேருக்குள் பேச வேண்டிய ஜோடிகள் 10. 10 பேர் ஆனால் 45. எந்த மாதிரிக்கு மாறினாலும் இந்தக் கணக்கு மாறாது. வசதியைக் குறையுங்கள், அல்லது தேதியைத் தள்ளுங்கள்.

## இரண்டு அறிகுறிகள் எதிரெதிராக இழுத்தால்

தணிக்கையும் இருக்கிறது, தேவையும் வாரம் ஒருமுறை மாறுகிறது என்றால் என்ன செய்வது? போமும் ரிச்சர்ட் டர்னரும் 2003இல் ஐந்து அளவைகளைச் சொன்னார்கள்: குழுவின் அளவு, தவறினால் நேரும் இழப்பு, தேவைகள் மாறும் வேகம், ஆட்களின் அனுபவம், நிறுவனத்தின் பண்பாடு. ஐந்தும் ஒரே பக்கம் சாய்ந்தால் தேர்வு எளிது. பிரிந்து சாய்ந்தால், புராஜெக்ட் முழுவதற்கும் ஒரே மாதிரி என்ற பிடிவாதத்தை விடுங்கள். உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய பகுதிக்கு வி, திரைகளுக்கு ஸ்க்ரம், வெளியானதன் பராமரிப்புக்குக் கான்பான் என்று பிரிக்கலாம். அவை சந்திக்கும் இடைமுகத்தை மட்டும் கறாராக எழுதி வையுங்கள்.

## மாதிரியில் கை வைக்கக் கூடாத இடங்கள்

இடைவெளி சில நாட்கள்தான், ஆனாலும் புராஜெக்ட் தள்ளாடுகிறது என்றால் காரணம் வேறு. முடிவெடுக்க வேண்டியவர் வாரக்கணக்கில் கிடைப்பதில்லை. எல்லா வசதியும் முதல் முன்னுரிமை. இரண்டு துறைகளுக்கு இடையே பழைய பகை. ஒருவர் விடுப்பில் போனால் பாதி அமைப்பு யாருக்கும் புரிவதில்லை. இவற்றைப் பெயர் சொல்லி மேலிடத்தில் வைக்க வேண்டும். தினமும் நின்று பேசும் ஸ்டாண்ட்அப் கூட்டத்தில் தீர்க்க முடியாது. புதிய மாதிரியை அறிவிப்பது, இந்தப் பேச்சைத் தள்ளிப்போட மிக வசதியான வழியாக இருப்பதால்தான் பல நிறுவனங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாதிரி மாற்றுகின்றன.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வேலை வரம்பு, அல்லது மேலிருந்து கீழாக வெட்டுதல், அல்லது ஒரு காத்திருப்பை நீக்குதல். பெயரை மாற்றவே வேண்டாம். பெயர் மாறியதும் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பயிற்சி வகுப்புக்குப் போய்விடுவார்கள். ஆறேழு வாரம் கழித்து, அதற்குள் திரும்பச் செய்ய நேர்ந்த வேலைகளை எடுத்து அதே இரண்டு தேதிகளை மறுபடியும் எழுதுங்கள். குறுகிய காலத்தில் நீண்ட இடைவெளிகள் தெரிய வாய்ப்பில்லை என்பதால், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறையும் எழுதுங்கள். இடைவெளி குறைந்திருந்தால் அடுத்ததை எடுக்கலாம். குறையவில்லை என்றால் செய்த மாற்றத்தைத் திருப்பி எடுத்துவிட்டு, உங்கள் அறிகுறிக்கு உரிய பகுதியில் அடுத்த காரணத்தைச் சரிபாருங்கள்.